வெள்ளவத்தைக் காணியின் விலை: உறுதியில் யாருடைய பெயர்?

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு தொடர்மாடியின் இரண்டாம் மாடியில் வாடகைக்கு இருக்கிறார் அந்த அம்மா. வயது எழுபத்தெட்டு. முதியோர் உதவி தொடர்பான படிவம் ஒன்றை நிரப்பிக் கொடுப்பதற்காகவே சென்றிருந்தேன். நிலையான முகவரி என்ற கட்டத்துக்கு வந்ததும் அவர் எழுந்து போய் ஜன்னல் திரையை விலக்கினார். எதிரே எட்டு மாடிக் கட்டடம் ஒன்று நின்றது.

"அந்த மாடி நிக்கிற காணி எங்கட சீதனக் காணி பிள்ளை. பதினாலு பேர்ச். முன்னுக்கு ஒரு நெல்லி மரம் நிண்டது. எண்பத்தி நாலாம் ஆண்டு வித்திட்டுப் போனனாங்கள். அப்ப விலை கேக்கிறதுக்கு ஆக்கள் இல்லை. தாறதைத் தாங்கோ எண்டுதான் குடுத்தது."

இன்று அவருடைய வாடகையைக் கனடாவிலுள்ள மகன் அனுப்புகிறார். ஒருகாலத்தில் தன் பெயரில் காணி வைத்திருந்த அதே ஒழுங்கையில் அவர் இப்போது வாடகைக் குடியிருப்பாளர். அவருடைய பதினான்கு பேர்ச்சின் விலை நாற்பது ஆண்டுகளில் எங்கோ ஏறிப் போயிருக்கிறது. அந்த ஏற்றத்தில் ஒரு சதம்கூட அவருடைய கைக்கு வரவில்லை.

காணி விலை என்றால் அது தரகர்களும் பணக்காரரும் பேசும் விடயம் என்று நம்மில் பலர் ஒதுங்கிவிடுகிறோம். ஆனால் வெள்ளவத்தையின் காணி விலை எங்கள் பெண்களின் வாழ்க்கையோடு பின்னிப் பிணைந்தது. இந்த விலை எப்போது விழுந்தது, எப்போது ஏறியது, ஏன் ஏறியது என்று பார்த்தால் இந்த நாட்டில் தமிழ்க் குடும்பங்கள் ஓடிய ஓட்டத்தின் வரலாறே தெரியும்.

மணல் தோட்டம் மனைகளான கதை

வெள்ளவத்தை என்ற சிங்களப் பெயருக்கு மணல் தோட்டம் என்று பொருள் சொல்வார்கள். கொழும்பு 06 என்ற அஞ்சல் இலக்கத்துக்குள் அடங்கும் இப்பகுதிக்கு வடக்கே பம்பலப்பிட்டி, தெற்கே தெஹிவளை, மேற்கே இந்து சமுத்திரம். கடலுக்குச் சமாந்தரமாகக் கரையோர இரும்புப் பாதை. அதற்குச் சற்றுத் தள்ளிக் காலி வீதி. இரண்டையும் இணைப்பவை சிறு ஒழுங்கைகள்.

கரையோர இரும்புப் பாதை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் போடப்பட்ட பின்பு, கோட்டையில் வேலை செய்பவர் தெற்கே குடியிருந்துகொண்டு புகைவண்டியில் சென்று வருவது இலகுவாயிற்று. நூற்பு நெசவு ஆலையும் ஊருக்குப் பெயர் தேடிக் கொடுத்தது. அந்த ஆலை நின்ற பெருங்காணியிலேதான் இன்று ஹவ்லொக் வீதிப் பக்கமாக ஹவ்லொக் சிற்றி என்ற உயர்மாடித் தொகுதி நிற்கிறது. தறிகள் ஓடிய நிலத்தில் மாடி வீடுகள் விற்கப்படுவதே இப்பகுதியின் நில வரலாற்றைச் சொல்லப் போதுமானது.

ஆங்கிலேயர் காலத்தில் எழுதுவினைஞராகவும் ஆசிரியராகவும் புகைவண்டிப் பகுதியிலும் வேலை கிடைத்து வந்த யாழ்ப்பாணத்தவர் பலர் இங்கு குடியேறினர். இராமகிருஷ்ண மிஷன் இங்கே நிலைகொண்டது. 1942இல் தொடங்கப்பட்ட கொழும்புத் தமிழ்ச் சங்கமும் இங்கேயே தனக்கென்று ஒரு மனையைத் தேடிக்கொண்டது. கோயில், பாடசாலை, மரக்கறிச் சந்தை, புகைவண்டி நிலையம் எல்லாம் நடை தூரத்தில் இருந்தன. தமிழில் பேசிச் சாமான் வாங்கக்கூடிய கடைகள் இருந்தன. ஒரு பெண் தனியே வெளியே போய்வரக்கூடிய இடம் என்ற பெயரும் இருந்தது. கடற்காற்றைவிட இவைதான் வெள்ளவத்தையை விரும்பத்தக்க இடமாக்கின.

யாழ்ப்பாணத்தில் நாம் பரப்புக் கணக்கில் பேசுவோம். கொழும்பில் பேர்ச் கணக்கு. பத்து பேர்ச் ஒரு பரப்பு. பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். அந்த அம்மாவின் பதினான்கு பேர்ச் என்பது ஒன்றரைப் பரப்புக்கும் குறைவு. ஊரில் அதை ஒரு வளவு என்றுகூடச் சிலர் சொல்லமாட்டார்கள். வெள்ளவத்தையில் இன்று அது ஒரு பெருஞ்செல்வம்.

1970களில் இந்த விலை அடங்கியே இருந்தது. 1972ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் வாடகைக் குடியிருப்பாளருக்குப் பலத்த பாதுகாப்புக் கொடுத்தது. 1973ஆம் ஆண்டு வீட்டுச் சொத்து உச்ச வரம்புச் சட்டம் ஒருவர் எத்தனை வீடுகள் வைத்திருக்கலாம் என்று வரையறுத்தது. எனவே வாடகைக்கு விடுவதற்காகக் காணி வாங்கி வீடு கட்டும் ஆர்வம் குறைந்தது. 1977இன் பின்னர் திறந்த பொருளாதாரம் வந்ததும் கொழும்புக் காணிக்கு மீண்டும் கேள்வி பிறந்தது. அந்தக் கேள்வி வெள்ளவத்தைத் தமிழருக்குப் பலன் கொடுப்பதற்கு முன் 1983 வந்துவிட்டது.

பயம் எழுதிய விலை

1958இலும் 1977இலும் கொழும்புத் தமிழர் அடிபட்டு ஊருக்கு ஓடியவர்கள்தான். 1958இல் கப்பலேறி யாழ்ப்பாணம் போனவர்கள் பலர் சில மாதங்களில் திரும்பி வந்தார்கள். வீடும் காணியும் கைமாறாமல் இருந்தன. 1983 அப்படியானதல்ல. ஜூலை 24ஆம் திகதி இரவு பொரளையில் தொடங்கிய வன்முறை மறுநாள் வெள்ளவத்தைக்கு வந்தது. வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளை அடையாளம் கண்டு கொளுத்தினார்கள். பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முதலிய இடங்கள் அகதி முகாம்களாயின. மீண்டும் கப்பல் ஏறினார்கள்.

எரிந்த சொத்துக்கள் அவசரகால விதிகளின் கீழ் அரசிடம் பாரப்படுத்தப்பட்டன. அவற்றைப் பார்க்க றெப்பியா என்று அழைக்கப்பட்ட புனர்வாழ்வு அதிகாரசபை உருவாக்கப்பட்டது. உரிமையாளர் தமது எரிந்த வீட்டைத் தமக்கே திருப்பித் தரும்படி விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. அகதி முகாமில் இருப்பவருக்கும், யாழ்ப்பாணத்தில் தஞ்சம் புகுந்தவருக்கும், விமானம் ஏறியவருக்கும் இந்த அலைச்சல் எவ்வளவு கடினமாக இருந்திருக்கும் என்பதை நம் வாசகிகளுக்குச் சொல்லத் தேவையில்லை. இடம்பெயர்ந்தபின் ஒரு பத்திரத்துக்காகக் கந்தோர் கந்தோராக ஏறியவர்கள் நாங்கள்.

இந்த நிலையில் பலர் விற்றார்கள். விற்பவர் பலராகவும் வாங்குபவர் சிலராகவும் இருந்தால் விலை விழும். விற்பவருக்கு அவசரமும் வாங்குபவருக்குப் பொறுமையும் இருந்தால் இன்னும் விழும். மண் மாறவில்லை. கடல் மாறவில்லை. புகைவண்டி அதே நேரத்துக்கு ஓடியது. அந்த இடத்தில் உயிரோடு இருக்கலாம் என்ற நம்பிக்கை போய்விட்டது. விலையும் அதனோடு போய்விட்டது.

அந்த அம்மாவின் கதையில் எனக்கு உறைத்த பகுதி ஒன்று உண்டு. காணி அவருடைய சீதனம். உறுதியில் அவருடைய பெயர்தான் இருந்தது. விலை பேசியது கணவரும் கணவரின் தமையனும். "நான் அறைக்குள்ள இருந்தனான். கையெழுத்து வைக்கத்தான் கூப்பிட்டவை. எவ்வளவு எண்டு பிறகுதான் எனக்குத் தெரியும்" என்றார். அவர் யாரையும் குறை சொல்லவில்லை. பிள்ளைகளை வெளியே அனுப்பக் காசு வேண்டியிருந்தது. ஆனால் தன் பெயரிலுள்ள காணியின் விலையைக் கடைசியாக அறிந்தவர் அவர்தான்.

அடைக்கலம் எழுதிய விலை

விழுந்த விலை எப்படி எழும்பியது? விந்தை என்னவென்றால், அதையும் யுத்தமே எழுப்பியது.

1990களில் வடக்கு கிழக்கில் போர் கடுமையானபோது ஆபத்தான இடமாக விட்டுப்போன கொழும்பே பலருக்கு ஒதுங்குமிடமாயிற்று. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் ஒரே இரவில் வெறிச்சோடியது. தென்மராட்சிக்கும் வன்னிக்கும் போனவர்களில் வசதி தேடக்கூடியவர்கள் காலப்போக்கில் வவுனியா வழியாகக் கொழும்பை அடைந்தார்கள். வெளிநாட்டு விசாவுக்கு, கடவுச்சீட்டுக்கு, வைத்தியத்துக்கு, பிள்ளையின் படிப்புக்கு, வெளிநாட்டு மாப்பிள்ளைக்குப் பெண்ணை அனுப்புவதற்கு என்று எல்லாக் காரியத்துக்கும் கொழும்புக்கே வரவேண்டியிருந்தது. வந்தவர்கள் தங்கியது வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை லொட்ஜுகளில்.

லொட்ஜ் அறைக்கு நாள் வாடகை. பொலிஸ் பதிவு. இரவுச் சோதனை. வயதுவந்த மகளை வைத்துக்கொண்டு அங்கே மாதக்கணக்கில் இருக்க முடியாத தாய்மார், வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளிடம் கேட்டது ஒன்றைத்தான்: பூட்டி வைத்துக்கொண்டு இருக்க ஒரு வீடு. வெள்ளவத்தையின் பழைய தனி வீடுகள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு நான்கு மாடி, ஆறு மாடி, எட்டு மாடித் தொடர்மாடிகள் எழுந்தது இந்தக் கேள்வியால்தான். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இரண்டு வேலை செய்தவர்களின் உழைப்பு இங்கே சீமெந்தாகவும் கம்பியாகவும் மாறியது.

இன்னொரு காரணமும் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. கொழும்பில் ஒரு வீடு என்பது சீதனப் பேச்சில் ஒரு நிபந்தனையாயிற்று. ஊரில் ஆறு பரப்புத் தோட்டக்காணியும் கல்வீடும் கொடுத்தால் போதும் என்றிருந்த இடத்தில், வெள்ளவத்தையில் இரண்டு அறை வீடு கேட்கப்பட்டது. பெற்றோர் ஊர்க்காணியை வந்த விலைக்கு விற்றார்கள். தாய்மார் தாலிக்கொடியைத் தவிர மற்றதையெல்லாம் விற்றார்கள். வெள்ளவத்தையில் பேர்ச்சின் விலை ஏறிய ஒவ்வொரு படியிலும் வடக்கில் ஒரு பெண்ணின் நகையும் தோட்டமும் கைமாறின.

இந்த அடைக்கலமும் உறுதியானதாக இருக்கவில்லை. 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலை கொழும்பு லொட்ஜுகளில் இருந்த 376 தமிழரைப் பஸ்களில் ஏற்றி வடக்கு கிழக்குக்கு அனுப்பினார்கள். அவர்களில் பெண்களும் இருந்தார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தக் கட்டளையிட்டது. வீட்டுறுதி கையில் இருந்தவர் தப்பினார், லொட்ஜ் பற்றுச்சீட்டு வைத்திருந்தவர் பஸ்ஸில் ஏற்றப்பட்டார் என்ற எண்ணம் அன்று பலரிடம் ஆழமாகப் பதிந்தது. வெள்ளவத்தையில் சொந்த வீடு என்பது கூரையைவிடப் பெரிய ஒன்றாகத் தெரிந்தது.

2009இல் போர் முடிந்தபின் இந்த விலை இறங்கும் என்று எதிர்பார்த்தவர்கள் உண்டு. யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்துவிட்டதே, இனி யார் இங்கே இருப்பார்கள் என்றார்கள். விலை இறங்கவில்லை. கடலோரமாகக் கட்டம் கட்டமாக அமைந்த மரைன் டிரைவ் வீதி தெஹிவளை வரை நீண்டது. முன்பு ஒழுங்கைகளின் கடைசி முனை இரும்புப் பாதையில் முட்டி நின்றது; புகைவண்டிச் சத்தமும் உப்புக்காற்றும் உள்ள பின்புறம் அது. வீதி வந்ததும் பின்புறமே முன்புறமாயிற்று. கடல் தெரியும் வீடு என்பது விளம்பரத்தில் முதல் வரியாயிற்று. இப்போதைய விளம்பரங்களில் வெள்ளவத்தைக் காணிக்குப் பேர்ச் ஒன்றுக்கு ஒரு கோடி ரூபாவுக்கு மேல் கேட்பது சாதாரணம்.

ரூபா பெருத்ததா, காணி பெருத்ததா?

இவ்விடத்தில் நிதானம் வேண்டும். "அந்தக் காலத்தில் இவ்வளவுக்கு விற்றோம், இன்று இவ்வளவு" என்று கேட்கும்போது தலை சுற்றும். அந்தத் தலைச்சுற்றில் ஒரு பகுதி காணியால் வருவது; மறு பகுதி ரூபாவால் வருவது.

1983இல் ஓர் அமெரிக்க டொலரின் பெறுமதி ஏறத்தாழ 24 ரூபா. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவைச் சுற்றியிருந்த டொலர், ஒருசில வாரங்களில் 350 ரூபாவைத் தாண்டியது. 2024, 2025 ஆண்டுகளில் 300 ரூபாவை அண்டி நின்றது. அதாவது இந்த நாற்பது வருடத்தில் ரூபா பன்னிரண்டு மடங்குக்கு மேல் தேய்ந்தது. ஒரு கணக்குக்காக, அன்று ஒரு பேர்ச்சை ஓர் இலட்சம் ரூபாவுக்கு ஒருவர் வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். இன்று அது பன்னிரண்டு இலட்சத்துக்கு விற்றால் அவருக்கு ஏற்றமுமில்லை, இறக்கமுமில்லை. டொலர் கணக்கில் நின்ற இடத்திலேயே நிற்கிறார். அதற்கு மேலே போனதுதான் காணியின் உண்மையான ஏற்றம்.

2022இல் கொழும்பு விலைவாசி ஒரே வருடத்தில் ஏறத்தாழ 70 சதவீதம் ஏறியது. அந்த வருடம் காணி விலை ஏறியதாகச் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அரிசியும் மாவும் அதைவிட வேகமாக ஏறின.

டொலர்க் கணக்கு விளங்காவிட்டால் பவுண் கணக்கில் பாருங்கள். காணி வாங்கிய அன்று அந்தக் காசுக்கு எத்தனை பவுண் வாங்கியிருக்கலாம், இன்று விற்கும் காசுக்கு எத்தனை பவுண் வாங்கலாம்? எங்கள் அம்மம்மாமார் பொருளியல் படிக்காமலே இந்தக் கணக்கைத்தான் வைத்திருந்தார்கள்.

தொடர்மாடி வீட்டில் காணி எவ்வளவு?

காணி விலை ஏறுகிறது என்பதால் தொடர்மாடி வீட்டின் விலையும் அதேபோல ஏறும் என்று பலர் நம்புகிறார்கள். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பத்து பேர்ச் காணியில் பன்னிரண்டு வீடுகள் கட்டினால், சமமாகப் பிரித்தால் ஒரு வீட்டுக்கு விழும் காணி ஒரு பேர்ச்சுக்கும் குறைவு. மீதி விலை கட்டடத்துக்குரியது. காணி பழையதாவதில்லை, கட்டடம் பழையதாகும். கடற்கரையில் உப்புக்காற்றுக் கம்பியை அரிக்கும். லிஃப்ட் பழுதாகும். தண்ணீர்த் தொட்டி வெடிக்கும். பராமரிப்புக் காசை எல்லாரும் ஒழுங்காகக் கட்டாத கட்டடத்தில் வீட்டின் விலை, அடுத்த கட்டடத்து வீட்டின் விலையோடு ஓடிப்போகாது.

2000ஆம் ஆண்டை ஒட்டி அவசரமாகக் கட்டப்பட்ட கட்டடங்கள் சிலவற்றில் இன்று வயது முதிர்ந்த தாய்மார் தனியே இருக்கிறார்கள். லிஃப்ட் நின்ற நாட்களில் நாலாம் மாடியிலிருந்து மருந்து வாங்கக்கூட இறங்க முடிவதில்லை. பத்திரத்தில் கோடிப் பெறுமதி, படிக்கட்டில் சிறைவாசம்.

உறுதியில் யாருடைய பெயர்?

என்னிடம் வரும் பெண்களின் காணிப் பிரச்சினைகளைச் சேர்த்துப் பார்த்தால் மூன்று வகை திரும்பத் திரும்ப வருகின்றன.

முதலாவது, சகோதரனின் காசு, சகோதரியின் பெயர். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி கைமாற்றுவதைத் தடை செய்தது. சில தொடர்மாடி வீடுகளுக்கும், இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களுக்கும் விதிவிலக்கு உண்டு. வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்த சகோதரர்கள் பலர், இச்சட்டம் வருமுன்னும் பின்னும், தமக்கைமார் தங்கைமார் பெயரில் வாங்கினார்கள். இருபது வருடம் அந்த வீட்டைக் கூட்டித் துடைத்து, வரி கட்டி, வாடகை வாங்கி அனுப்பியவள் அவள். விலை ஏறியதும் "அது என்ர காசு" என்ற தொலைபேசி வருகிறது. ஒருவர் காசு கொடுத்து மற்றவர் பெயரில் வாங்கினால் காசு கொடுத்தவருக்காகவே அது வைத்திருக்கப்படுகிறது என்று வாதிட, 1917ஆம் ஆண்டு நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தில் இடமுண்டு. அன்பளிப்பாகவே கொடுத்தது என்றால் அதைக் காட்ட வேண்டும். உறவு நன்றாக இருக்கும் காலத்திலேயே "இது உனக்கு" அல்லது "இது எனக்கு" என்று எழுத்தில் வைத்துக்கொள்வது இருபக்கத்துக்கும் நல்லது. கேட்பது நன்றி கெட்டதனமல்ல.

இரண்டாவது, காசு கொடுத்தாயிற்று, உறுதி வரவில்லை. கட்டடம் முடியுமுன் தவணை தவணையாகக் காசு கட்டி, சாவியையும் வாங்கிக் குடிபுகுந்து, வருடக்கணக்காக உறுதி இல்லாமல் இருப்பவர்கள் உண்டு. வன்னியிலிருந்து வந்த விதவைத் தாய் ஒருவர் என்னிடம் ஒரு பொலித்தீன் பையைக் கொடுத்தார். உள்ளே பதினேழு பற்றுச்சீட்டுகள். உறுதி இல்லை. தொடர்மாடி வீடுகளுக்கு 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உரிமைச் சட்டமும் அதன் திருத்தங்களும் உண்டு. கட்டடத்துக்கான தொடர்மாடி வரைபடம் காணிப் பதிவகத்தில் பதிவானால்தான் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாக ஒழுங்கான உறுதி எழுதலாம். அனுமதித்ததைவிட அதிகமாக மாடி எழுப்பிய கட்டடத்துக்கு இந்தப் பதிவு கிடைப்பது கடினம். விலை எவ்வளவு ஏறினாலும் உறுதியில்லாத வீட்டை அந்த விலைக்கு விற்க முடியாது. வங்கியில் ஈடு வைக்கவும் முடியாது.

மூன்றாவது, கணவன் இல்லை; ஆனால் இறந்ததாகவும் இல்லை. தேசவழமைக்குட்பட்ட மணமான பெண், தன் பெயரிலுள்ள அசையாச் சொத்தை விற்பதற்கு 1911ஆம் ஆண்டு யாழ்ப்பாணத் திருமண உரிமை, முதுச உரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். காணி கொழும்பில் இருக்கிறதே என்று சொல்லித் தப்ப முடியாது. கணவன் காணாமலாக்கப்பட்ட பெண் யாரிடம் சம்மதம் வாங்குவாள்? இதற்கு வழி இருக்கிறது. கணவன் இருக்குமிடம் தெரியாதபோது மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பித்து அனுமதி பெறலாம். 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணப்படாமைச் சான்றிதழும் பெறலாம். "அவர் செத்துப்போனார் எண்டு நான் எப்பிடிக் கையெழுத்து வைக்கிறது?" என்று கேட்கும் பெண்களுக்கு, அந்தச் சொல்லைச் சொல்லாமலே காரியம் பார்க்க உதவும் ஒரு பத்திரம் இது.

கையொப்பமிட முன்

வாங்குவதாயினும் விற்பதாயினும் இவற்றை மறக்க வேண்டாம்:

- இலங்கையில் காணி, வீட்டு விற்பனை நொத்தாரிசு ஒருவர் முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட்ட உறுதியால் மட்டுமே செல்லுபடியாகும். 1840ஆம் ஆண்டிலிருந்து இதுவே சட்டம். வெள்ளைத்தாளில் எழுதிய உடன்படிக்கையும் பற்றுச்சீட்டும் உறுதியாகமாட்டா.

- உறுதி எழுதினால் போதாது. காணிப் பதிவகத்தில் பதிய வேண்டும். ஒரே காணியை இருவருக்கு எழுதியிருந்தால் முதலில் பதிந்தவரின் கை ஓங்கும். பதிவேட்டுப் பிரதியை எடுத்துப் பாருங்கள். ஈடு, வழக்கு ஏதும் இருந்தால் அதில் தெரியவரும்.

- தொடர்மாடியானால் மூன்று பத்திரங்களைக் கேளுங்கள்: அங்கீகரிக்கப்பட்ட கட்டட வரைபடம், கட்டடம் அனுமதிப்படி முடிந்ததற்கான சான்றிதழ், பதிவான தொடர்மாடி வரைபடம். "வரும், வரும்" என்றால் காசும் அப்போதே வரும் என்று சொல்லுங்கள்.

- அட்டோர்ணித் தத்துவம் கொடுக்கும்போது எந்தக் காணிக்கு, எந்தக் காரியத்துக்கு என்று வரையறுத்துக் கொடுங்கள். எல்லாவற்றுக்குமாக எழுதிக் கொடுக்க வேண்டாம். கொடுத்தவர் இறந்துவிட்டால் அந்தத் தத்துவம் செல்லாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

- விற்குமுன் குறைந்தது மூன்று இடத்தில் விலை விசாரியுங்கள். தரகர் ஒருவரின் சொல்லோடு நிற்க வேண்டாம். விலை பேசும் மேசையில் நீங்களும் அமருங்கள். உறுதியில் பெயர் உங்களுடையதென்றால் கதிரையும் உங்களுடையது.

- விளங்காத மொழியில் எழுதிய உறுதியில் கையொப்பமிட வேண்டாம். தமிழில் வாசித்து விளக்கச் சொல்லுங்கள். காசு கொடுத்துச் சட்டத்தரணியை வைக்க முடியாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளைகளை நாடலாம்.

எங்கள் கரைகளிலும்

இதை வாசிக்கும் பலருக்கு வெள்ளவத்தையில் ஒரு பேர்ச்கூட இருக்காது. ஆனால் நிலாவெளியிலோ உப்புவெளியிலோ பாசிக்குடாவிலோ கல்குடாவிலோ உங்களுக்கு ஒரு வளவு இருக்கலாம். முப்பது வருடம் பற்றைக்காடாகக் கிடந்த கரைகள் 2009இன் பின் உல்லாசப் பயண விடுதிகளின் கண்ணில் பட்டுவிட்டன. பற்றைக்காடாகப் பார்த்த கண்ணுக்குக் கிடைக்கும் முதல் விலை பெரிதாகத்தான் தெரியும். வெள்ளவத்தையில் 1984இல் விற்றவர்களுக்கும் அன்று கையில் வந்த காசு பெரிதாகத்தான் தெரிந்தது.

விற்கவே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. மகளின் படிப்புக்கும் சத்திரசிகிச்சைக்கும் விற்க வேண்டி வரும். அது உங்கள் முடிவு. அந்த முடிவைப் பயத்தில் எடுக்காதீர்கள். அறைக்குள்ளே இருந்துகொண்டு எடுக்காதீர்கள்.

படிவத்தை நிரப்பி முடித்து எழும்பும்போது, அந்த அம்மா அலுமாரியிலிருந்து ஒரு பழைய கடித உறையை எடுத்துக் காட்டினார். விற்ற காணியின் பழைய உறுதிப் பிரதி. மடிப்புகளில் கிழிந்து, ஒட்டி வைத்திருந்தார். "இதால இனி ஒரு பிரயோசனமும் இல்லை எண்டு தெரியும். எண்டாலும் என்ர பெயர் இருக்கு பாருங்கோ" என்றார்.

அவருடைய பேத்தி அடுத்த வருடம் கொழும்பில் வேலைக்கு வரப்போகிறாளாம். அவளுக்கு ஒரு சிறிய வீடு பார்க்கப் பேசுகிறார்களாம். "இந்த முறை விலை பேசேக்க நானும் இருப்பன்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் திரையை இழுத்து மூடினார்.